ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஒரு நாள் பயணம்: மொட்டைமாடியிலிருந்து தெரிவது போதாதா?

24 ஆகஸ்ட் 2023, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

நேற்று மாலை சந்திரயான் நிலவில் இறங்கியதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அடுத்து சூரியனை ஆராய ஆதித்யா விண்கலம் செல்லப்போகிறது என்றதும், ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். 68 வயதான என் அம்மாவும் உடன் வருவார். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப முடியுமா? பெரம்பூர் மொட்டைமாடியிலிருந்தே ராக்கெட் தெரியும்போது அவ்வளவு தூரம் போவது வீண் அலைச்சல் என்று என் தம்பி சொல்கிறான். அவன் சொல்வது சரியா?

24 ஆகஸ்ட் 2023, இரவு

ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் உங்கள் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. மொட்டைமாடியிலிருந்து தெரிவது ஒரு வெளிச்சப் புள்ளியும், அதன் பின்னால் நீளும் வெண்புகைக் கோடும்தான். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது தலைகாட்டுவதற்குள் ராக்கெட் ஏவுதளத்தை விட்டு வெகுதூரம் போயிருக்கும். ஏவுதளம் நேர்க்கோட்டில் அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் அளவில் இருப்பதால் ஓசை உங்களை வந்தடையாது. ஓசை இல்லாமல் பார்ப்பது, மேளச்சத்தம் கேட்காத தூரத்தில் நின்று தேரோட்டம் பார்ப்பதைப் போன்றது.

ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019 மார்ச் 31 அன்று திறக்கப்பட்டது. மறுநாளே, ஏப்ரல் 1 அன்று, பிஎஸ்எல்வி-சி45 ராக்கெட் ஏவப்படுவதை மக்கள் அங்கிருந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர் உட்காரக்கூடிய, விளையாட்டு அரங்கம் போன்ற படிக்கட்டு இருக்கைகள் அங்கே உண்டு. அதற்கு முன்பெல்லாம், உள்ளே வேலை செய்பவர்களைத் தெரிந்திருந்தால் ஒழிய, நம்மைப் போன்றவர்கள் ஏரிக்கரைச் சாலையிலோ கடற்கரையிலோதான் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் கிளம்புவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை இரவு, சந்திரயான்-2 ஏவப்படுவதைப் பார்க்க நானும் என் நண்பர் ஒருவரும் அந்த மாடத்தில் இருந்தோம். ஏவும் நேரம் விடிந்தால் திங்கள் அதிகாலை 2.51 மணி. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் செய்தித்தாளை விரித்து இரண்டு குழந்தைகளைத் தூங்க வைத்திருந்தது. 'கடைசிப் பத்து நிமிடத்தில் எழுப்பினால் போதும்' என்று தந்தை தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் இறங்கிக்கொண்டிருந்த கடிகாரம் 56 நிமிடம் 24 வினாடியில் நின்றது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏவூர்தியில் கோளாறு கண்டறியப்பட்டதால் ஏவுதல் நிறுத்தப்பட்டதாகச் சற்று நேரத்தில் அறிவித்தார்கள். அந்தக் குழந்தைகளை எழுப்பாமலே தோளில் போட்டுக்கொண்டு பெற்றோர் இறங்கிப் போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நிறுத்தியது மிகச் சரியான முடிவு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று பிற்பகல் 2.43 மணிக்கு அதே ராக்கெட் குறையில்லாமல் கிளம்பியது. அன்று எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஆகவே பயணத்திட்டம் போடும்போது, ராக்கெட் கிளம்பாவிட்டாலும் அந்த நாள் வீணாகாதபடி போடுங்கள்.

25 ஆகஸ்ட் 2023

வழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் இறங்க வேண்டிய ஊர் சூலூர்பேட்டை. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து சூலூர்பேட்டை வரை செல்லும் புறநகர் மின்ரயில்கள் இருக்கின்றன; கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் ரயில்களே அதிகம் என்பதால் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறுங்கள். எண்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்திற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டியதும் ஆந்திர எல்லை. பிறகு தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தெலுங்கு தெரியாதே என்று தயங்க வேண்டாம். கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் தமிழ் பேசுகிறார்கள்.

காரில் போவதானால் செங்குன்றம், கவரைப்பேட்டை வழியாக நேரே தேசிய நெடுஞ்சாலை 16. சூலூர்பேட்டையில் வலப்புறம் திரும்பினால் ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா நுழைவாயில் வரும். அந்தச் சாலை பழவேற்காடு ஏரியின் குறுக்கே போடப்பட்டது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இருந்தும் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இராது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் சாலையின் இருபுறமும் தண்ணீர் பின்வாங்கி, உப்புப் பூத்த சேறு வெடித்துக் கிடக்கும். மழைக்குப் பிறகு அதே இடம் கண்ணெட்டும் தூரம்வரை நீராகிவிடும்.

25 ஆகஸ்ட் 2023, சற்று நேரம் கழித்து

ஏவும் நாளில் சூலூர்பேட்டையில் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். ஆனால் போகும்போது கிடைத்ததே திரும்பும்போதும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். போகும்போது கூட்டம் பல மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்கிறது; திரும்பும்போது அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்திருக்கிறார்கள். ஏரியைக் கடக்க அந்த ஒரே சாலைதான். 2019இல் அந்தப் பதினெட்டு கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. உங்கள் அம்மா வருவதால், நாள் முழுக்க உங்களோடு நிற்கிற வாடகைக் காரே நல்லது என்று நினைக்கிறேன்.

28 ஆகஸ்ட் 2023

நாள் குறித்துவிட்டார்கள். ஆதித்யாவைச் சுமந்து செல்லும் பிஎஸ்எல்வி-சி57, செப்டம்பர் 2, சனிக்கிழமை, முற்பகல் 11.50 மணி. மாடத்துக்கான இணையப் பதிவு நாளை நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. வருகிறவர்கள் ஒவ்வொருவருடைய அடையாள அட்டை விவரத்தையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் பக்கம் திறந்த பிறகு ஆதார் அட்டையைத் தேடி பீரோவைத் திறந்தால் இடம் போய்விடும். கட்டணம் எதுவும் இல்லை. கட்டணம் கேட்கிற எந்த இணையதளத்தையும் தரகரையும் நம்ப வேண்டாம்.

சனிக்கிழமை, பகல் வெளிச்சம், சந்திரயான் வெற்றிக்குப் பத்தே நாள். இவ்வளவு பேர் போட்டியிடும் பதிவு முன்பு இருந்திருக்காது என்பதே என் கணிப்பு.

29 ஆகஸ்ட் 2023

எனக்கு மூன்று இடம் கிடைத்தது: எனக்கு, 71 வயதான என் மாமாவுக்கு (மனைவியின் தந்தை), ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளுக்கு. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து வருந்தினேன். மகளிடம் இன்னும் எதுவும் சொல்ல வேண்டாம். வேறு வழி இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

30 ஆகஸ்ட் 2023

வேறு வழி என்று நான் சொன்னது பழவேற்காடு கடற்கரை. பொன்னேரி வழியாகப் பெரம்பூரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போதும். மாநில எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை, அனுமதிச்சீட்டும் வேண்டியதில்லை. அங்கிருந்து ஏவுதளம் வடக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர், அதாவது மொட்டைமாடியிலிருந்து இருப்பதில் பாதித் தொலைவு. நடுவே கட்டடங்கள் இல்லை என்பதால், கிளம்பிய சில வினாடிகளிலேயே அடிவானத்துக்கு மேல் ராக்கெட் தெரிந்துவிடும்.

ஏவுதல் தள்ளிப்போனாலும் அங்கே ஒரு நாளைப் போக்கப் பார்ப்பதற்கு நிறைய உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. கோட்டை இப்போது புதராகிவிட்டது. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் நல்ல நிலையில் இருக்கிறது. அதன் வாயிலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன; உங்கள் மகள் அதைக் கட்டாயம் நின்று பார்ப்பாள். படகுச் சவாரியைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். ஏவும் நாட்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிடுவார்கள். ராக்கெட்டுக்காக ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டுக் கரையில் நிற்கிற அந்த மக்களோடு சேர்ந்துதான் நாமும் பார்க்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். மீன் வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள்.

பிஎஸ்எல்வி கிளம்பியதும் தெற்கு நோக்கித் திரும்பும் என்பதால், பழவேற்காட்டில் இருப்பவர்களுக்கு அது தங்களை நோக்கி வருவதைப் போலத் தெரியும்.

30 ஆகஸ்ட் 2023, இரவு

மேலே கடைசியாக எழுதியது இந்த ஏவுதலுக்குப் பொருந்தாது, திருத்திக்கொள்கிறேன். பிஎஸ்எல்வி வழக்கமாகச் சுமந்து செல்லும் புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் துருவங்களுக்கு மேலாகச் சுற்றுபவை. அவற்றுக்குத்தான் தெற்கு நோக்கிப் பறக்க வேண்டும். நேர்த்தெற்கே போனால் இலங்கைக்கு மேலே செல்ல நேரிடும் என்பதால், முதலில் தென்கிழக்கே போய், இலங்கையை விலக்கிய பிறகு தெற்கே வளைகிறார்கள். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. அந்த அளவுக்குச் சுமக்கக்கூடிய எடை குறைகிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கு இந்த இழப்பு மிகவும் பெரிது. அதைத் தவிர்க்கத்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் அமைக்கப்படவிருக்கிறது. அங்கிருந்து நேர்த்தெற்கே கடல்தான்.

ஆதித்யா துருவப் பாதைக்குப் போகவில்லை. பூமியை நீள்வட்டத்தில் சில முறை சுற்றி, படிப்படியாக உயர்ந்து, பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்துக்குப் போகிறது. ஆகவே ராக்கெட் ஏறத்தாழக் கிழக்கே, கடலை நோக்கிப் போகும். பழவேற்காட்டில் இருப்பவர்கள் வடக்கே பார்த்து நின்றால், அது எழுந்து வலப்பக்கமாக விலகிச் செல்வதைக் காணலாம்.

31 ஆகஸ்ட் 2023

எடுத்துச் செல்ல வேண்டியவை பற்றிக் கேட்டவர்களுக்கு. குடை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளிக்காத உணவு, உட்காரத் தடித்த துண்டு. கடைசியில் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம்: பகல் வெயிலில் சிமெண்டுப் படி அடுப்புக்கல்போல் சுடும். அடையாள அட்டையின் மூலத்தையே எடுத்துச் செல்லுங்கள். காரை நிறுத்திய இடத்திலிருந்து நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதையும் கணக்கில் கொள்ளுங்கள். செல்பேசி இணைப்பு ஏவும் நேரத்தில் திணறிவிடும் என்பதால், பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சூலூர்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து வழிபடும் கோயில் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். விடிகாலையில் சென்றால் வயதானவர்களுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறவும் இடம் கிடைக்கும். நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயமும் அருகில்தான். ஆனால் செப்டம்பர் அதற்குரிய காலம் அல்ல. கூழைக்கடாக்களும் ஏரியின் பூநாரைகளும் மழைக்காலத்தை ஒட்டி வந்து, தை, மாசியில் நிறைந்திருக்கும்.

1 செப்டம்பர் 2023

இன்று பகல் 12.10 மணிக்குக் கவுன்ட்டவுன் தொடங்கிவிட்டது. மொத்தம் 23 மணி 40 நிமிடம்.

அக்கா மகள் நேற்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, 'மாமா, எந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள்' என்றாள். அவளுக்கு எழுதிக் கொடுத்ததை இங்கேயும் தருகிறேன். நாளைக்குப் போவது பிஎஸ்எல்வியின் எக்ஸ்எல் வகை: 44 மீட்டர் உயரம், ஏறத்தாழ 320 டன் எடை. நடுவிலுள்ள முதல் கட்டத்தைச் சுற்றி ஆறு துணை மோட்டார்கள் இருக்கும். தரையில் நான்குதான் பற்றவைக்கப்படும். மற்ற இரண்டு, கிளம்பிய 25 வினாடி கழித்து வானத்தில் பற்றும். முதல் கட்டம் எரியும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது அவ்வளவுதான். அதற்குப் பிறகு திரையையும் ஒலிபெருக்கியையும் பின்தொடர வேண்டும்.

இவற்றில் எரிவது திட எரிபொருள். அலுமினியத் தூள் கலந்தது என்பதால் சுடர் கூசும். புகை பஞ்சுபோல் வெளுத்து நிற்கும். அந்தத் திட எரிபொருளை வார்க்கிற தொழிற்சாலையும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலேயே இருக்கிறது.

ஓசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். சுடரைக் கண்ட கணத்திலிருந்து எண்ணத் தொடங்கி, ஓசை வந்ததும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். பெரியவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. செல்பேசியைத் தூக்கிப் பிடிக்காமல் கண்ணால் பார்க்க வைக்கும்.

2 செப்டம்பர் 2023, இரவு 10 மணி

போய் வந்துவிட்டோம். கால் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று தோன்றியது.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். ஏரிச் சாலையில் நுழைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. மூன்று பேர் முழங்கால் அளவு நீரில் வரிசையாக நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் அவ்வளவு போயும் அவர்கள் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. மாடத்தை அடைந்தபோது கீழ்ப் படிகள் நிரம்பிவிட்டன. நாங்கள் மேல்வரிசைக்குப் போனோம், அது நல்லதாகவே அமைந்தது. கீழே இருந்தால் முன்னாலுள்ள மரங்கள் இன்னும் கொஞ்சம் மறைத்திருக்கும்.

காத்திருந்த நேரத்தில் ராக்கெட் தோட்டத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 முதல் முயற்சியில் தோற்றதையும், 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்ததையும் மாமா எங்களுக்குச் சொன்னார். அந்த இரண்டாவது செய்தியை வானொலியில் கேட்டபோது தாம் எந்தக் கடையில் நின்றிருந்தார் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. அவர் பேசுவதை அக்கம்பக்கத்தில் இரண்டு மாணவர்கள் நின்று கேட்டார்கள்.

பத்தரை மணிக்குப் பிறகு வெயில் பொறுக்க முடியாததாயிற்று. நான் எழுதிய பட்டியலை நானே முழுதாகப் பின்பற்றியிருந்தேன். அப்படியும் மாமாவுக்கு ஒரு குடை போதவில்லை. இரண்டு முறை அவரை நிழலுக்கு அழைத்துச் சென்றேன். இரண்டாம் முறை அவர் திரும்பி வருவதற்கே தயங்கினார்.

11.50. முதலில் திரையில் பார்த்து எல்லோரும் கத்தினார்கள். பிறகுதான் மரங்களுக்கு மேலே அது எழுந்தது. சுடர் அவ்வளவு கூசும் என்று படித்திருந்தும் நான் எதிர்பார்க்கவில்லை: நண்பகல் வெயிலிலும் அது தனியாக, வெல்டிங் பொறியைப் போல எரிந்தது. அக்கா மகள் உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்துவரை என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சுற்றியிருந்தவர்களின் ஆரவாரத்தில் அவளுக்கே எண் தவறிவிட்டது. பிறகு ஓசை வந்தது. தொடர்ந்து வரும் இடி அல்ல அது; பெரிய துணியை யாரோ இடைவிடாமல் கிழித்துக்கொண்டே போவதைப் போன்றது. மடியில் தயிர்சோற்றுத் தூக்குச்சட்டி இருந்தது. அதன் மூடியில் கை வைத்திருந்தேன். விரல்நுனிகளில் அதிர்வு தெரிந்தது. மாமா இரு கைகளையும் கூப்பியபடி நின்றிருந்தார்.

ராக்கெட் மறைந்ததும் பாதிப் பேர் வெளியேறத் தொடங்கினார்கள். நாங்கள் இருந்தோம். இம்முறை செயற்கைக்கோள் பிரிவதற்கு 63 நிமிடம் ஆயிற்று. வழக்கமான பிஎஸ்எல்வி பயணத்தைவிட மிக நீண்டது. ஏறத்தாழ ஒரு மணிக்குப் பிரிந்த செய்தி வந்தபோது எங்கள் வரிசையில் பத்துப் பேர்கூட இல்லை. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி பேசினார். செங்கோட்டையில் பிறந்தவர் என்று சொன்னதும், அக்கா மகள் நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். அந்த நோட்டில் இன்று அவள் எழுதிய வேறு எதற்கும் அடிக்கோடு இல்லை.

3 செப்டம்பர் 2023

பழவேற்காட்டிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கடற்காற்றில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், மதியம் மூன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்கிறீர்கள். நாங்கள் வீடு சேர்ந்தது இரவு எட்டரைக்கு. ஆகஸ்ட் 24 அன்று உங்கள் தம்பிக்கு நான் எழுதிய பதிலை மாற்றிக்கொள்ள மாட்டேன், மொட்டைமாடி போதாது. ஆனால் ஆகஸ்ட் 30 அன்று பழவேற்காட்டை 'வேறு வழி' என்று இரண்டாம் இடத்தில் வைத்தது சரியில்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களோடு, பகல் நேர ஏவுதலுக்குப் போகிறவர்களுக்கு அதுவே முதல் வழி. மாமாவை அந்தப் படிகளில் உட்கார வைப்பதற்கு முன் இதை நான் யோசித்திருக்க வேண்டும். இன்று காலை அவருக்குத் தலைவலி. வேறு தொந்தரவு இல்லை.

பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு மாடம்தான். அதில் எனக்கு ஐயமே இல்லை.

4 செப்டம்பர் 2023

ஸ்ரீஹரிகோட்டாவில் கவுன்ட்டவுனை அறிவித்துவந்த விஞ்ஞானி வளர்மதி, சனிக்கிழமை மாலை சென்னையில் மாரடைப்பால் காலமானார் என்ற செய்தியைப் படித்தேன். நாங்கள் நெரிசலில் ஏரிச் சாலையைக் கடந்துகொண்டிருந்த அதே மாலை.  கடைசிப் பத்து வினாடிகளை எண்ணும் அந்தக் குரலைக் கேட்டிருந்தும், அது யாருடையது என்று இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அக்கா மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள்.

7 ஜனவரி 2024

ஆதித்யா நேற்று மாலை தன் இடத்தை அடைந்துவிட்டது. நாம் அனுப்பி வைத்த நாளிலிருந்து நான்கு மாதம். அடுத்த முறை மாடத்துக்குப் பதிவு செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தை மாதத்தில் ஏவுதல் அமைந்தால் ஏரியில் பூநாரைகளையும் சேர்த்துப் பாருங்கள். சாலையோரம் காரை நிறுத்தினால் அவை விலகிப் போய்விடும். வேகத்தைக் குறைத்தாலே போதும்.

18 பிப்ரவரி 2024

நேற்று மாலை 5.35 மணிக்கு இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளோடு ஜிஎஸ்எல்வி-எஃப்14 கிளம்பியது. இம்முறை மாமாவைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு இரண்டு மணிக்குத்தான் கிளம்பினோம். நாற்காலி ஒன்று, தண்ணீர்ப் புட்டி இரண்டு. வேறெதுவும் எடுத்துச் செல்லவில்லை.

ஜிஎஸ்எல்வியில் நான்கு துணை மோட்டார்களும் திரவ எரிபொருளால் இயங்குபவை. அவை ராக்கெட் கிளம்புவதற்கு 4.8 வினாடி முன்பே பற்றவைக்கப்படும், சரியாக இயங்குகின்றன என்று உறுதியான பிறகே நடுவிலுள்ள திட எரிபொருள் கட்டம் பற்றும். அவ்வளவு தொலைவிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வடக்கே, நீர்மட்டத்தை ஒட்டி எழுந்த ஒரே ஒரு ஆரஞ்சுச் சுடர்தான். மேற்கேயிருந்து விழுந்த வெயிலில் அதன் புகை அடியிலிருந்து நுனிவரை மஞ்சளாகத் தெரிந்தது. படகுகளைக் கரையேற்றியிருந்த மீனவர்கள் நாங்கள் பார்ப்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டினார்கள்.

மாமா எண்ணிக்கொண்டிருந்தார். ராக்கெட் மறைந்து, சுற்றியிருந்தவர்கள் கிளம்பத் தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. நூறைத் தாண்டியதும் மிக மெல்லிய முழக்கம் ஒன்று கடலின் மேலாக வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருவர் கையை நிறுத்தி, நிமிர்ந்து கேட்டுவிட்டு, மறுபடி கழுவத் தொடங்கினார். 'நூற்று நான்கு' என்றார் மாமா. மூன்றால் வகுத்தால் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.